மச்சம் கீழே, சைவம் மேலே

எங்கள் வீட்டில் மீன் பொரிப்பதென்றால் பதினான்கு படி கீழே இறங்க வேண்டும். சோறும் பருப்பும் மேலே குசினியில் வேகும். மீன், இறைச்சி, கணவாய், நண்டு எல்லாம் கீழே கெல்லரில், அதாவது வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில். இவற்றையெல்லாம் சேர்த்து நாங்கள் மச்சம் என்போம். மச்சம் கீழே, சைவம் மேலே என்ற இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட எங்கள் சனம், என் மனைவியை ஏறக்குறைய ஓர் அம்மனாக்கிவிட்டது. அவள் அம்மன் இல்லை. வெள்ளிக்கிழமை தவிர மற்ற ஆறு நாளும் மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

இது எப்படி நடந்தது என்று எழுதப் பார்க்கிறேன். இது நான்காவது முயற்சி. முந்திய மூன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாக வந்துவிட்டேன்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தின் ஓரத்தில், தட்டையான கூரையும் கருஞ்சிவப்புச் செங்கல் சுவரும் கொண்ட ஒரு பங்களோவை வாங்கினோம். மாடி இல்லை, எல்லா அறைகளும் ஒரே தளத்தில், தோட்டத்தைப் பார்த்தபடி நீளமாகப் படுத்திருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சுரங்கப் பொறியியலாளர் தனக்கென்று கட்டுவித்தது. அவர் இறந்து வெகுகாலம். அவருடைய மனைவி தொண்ணூறு தாண்டி, முதியோர் இல்லத்துக்குப் போகும்போது எங்களுக்கு விற்றார்.

எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் முதல் வேலை, எல்லாவற்றையும் உடைத்துவிட்டு மினுங்கும் வெள்ளைத் தரை போடுவது. நான் அப்படிச் செய்யவில்லை. லிஃப்ட் செய்கிற ஒரு கம்பனியில் வரைபடம் வரைபவன் நான்; கோடு என்றால் என்னவென்று தெரிந்தவன். அந்தக் காலத்து வீடுகளைப் பற்றிய தடித்த படப் புத்தகங்கள் நான்கு வாங்கிப் படித்தேன். படித்தவனுக்கு வருகிற வியாதி எனக்கும் வந்தது. வீட்டை அதன் காலத்துக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். பிற்காலத்தில் ஒட்டியதெல்லாம் கழற்றப்படும். முதலில் இருந்ததெல்லாம் மீளும். இதைச் சொல்லும்போது என் குரல் சற்றுத் தணிந்துவிடும் என்று மனைவி சொல்வாள். கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று கதைப்பதுபோல.

வரவேற்பறையின் முகட்டில், உட்கூரை முழுக்க, வாதுமைப் பலகை அடித்திருந்தது. பிறகு யாரோ அதன்மேல் வெள்ளைப் பூச்சு அடித்திருந்தார்கள். ஏணியில் நின்று, கழுத்து பிடித்துக்கொள்ள, ஏழு வாரம் அந்த வெள்ளையை உரித்தேன். கீழிருந்து தேன் நிறத்தில் மரம் வெளிப்பட்டபோது எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று மனைவியிடம் சொன்னேன். பழைய சந்தைகளில் அலைந்து அந்தக் காலத்து உருண்டைச் சுவிட்சுகள் பொறுக்கினேன். அமத்தினால் துவக்கு வெடித்ததுபோலச் சத்தம் கேட்கும். மஞ்சள் குளியலறைக் கற்களைப் பல் தீட்டும் பிரஷ்ஷால் தேய்த்தேன். குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. சாப்பாட்டைக் கோப்பையோடு இந்தப் பக்கம் தள்ளிவிடுவதற்கு. அதைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அதையும் திறந்தேன்.

குசினியில் ஒரே ஒரு பிழை இருந்தது. அடுப்புக்கு மேலே பெரிய உருக்குப் புகைபோக்கி. அதிலிருந்து கைத்தடிமனில் ஒரு குழாய், சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. வெளிச்சுவரில், அந்த அழகான செங்கல் வரிசைக்கு நடுவே, சல்லடை மூடி போட்ட ஒரு ஓட்டை. புத்தகங்கள் நான்கிலும் அப்படி ஒன்று இல்லை.

கழற்றினேன். ஓட்டையை அடைக்க அதே நிறச் செங்கல் வேண்டும். வீடு இடிக்கிற இடங்களுக்கெல்லாம் போய் மூன்று மாதம் தேடினேன். டோர்ட்மண்டில் இடிந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு கல் கிடைத்தது. கட்டி முடித்தபிறகு, எங்கே ஓட்டை இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. வந்தவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய், கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று விளையாட்டுக் காட்டினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவரும் கண்டுபிடிக்க விரும்பவும் இல்லை.

மனைவி மட்டும் குசினிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, புகை எங்காலை போறது?"

"யன்னல் இருக்குத்தானே."

"யன்னல் அந்தப் பக்கம். அடுப்பு இந்தப் பக்கம். புகைக்கு நீங்கள் வழி சொல்லிக் குடுப்பியளோ?"

"இந்தக் காலத்து வீட்டுக்கு அது பொருந்தாதப்பா."

"நாங்கள் எந்தக் காலத்து ஆக்கள்?"

இதற்கு நான் நல்ல பதில் ஒன்று சொன்னேன் என்று நினைவு. என்ன என்று நினைவில்லை. அவள் ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். "நான் காலமை தொடக்கம் மற்றாக்களின்ரை வாயைப் பாத்துப்போட்டு வாறன்," என்றாள். "பின்னேரம் என்ரை வாய்க்கு ஒரு துண்டு மீன் பொரிக்கிறதுக்கு எனக்கு உங்கடை புத்தகத்திலை இடமில்லையோ?"

முதல் மீன் அந்தக் குசினியில் ஒரு சனிக்கிழமை பொரிந்தது. சின்னக் கதவு வழியாக மணம் சாப்பாட்டறைக்கு வந்து, அங்கிருந்து வரவேற்பறை முகட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்தக் காலத்து வீடுகளில் காற்று அப்படித்தான் ஓடும். அதைப் புத்தகத்தில் மிகவும் புகழ்ந்திருந்தார்கள். மறுநாள் காலை ஏணியில் ஏறி, ஏழு வாரம் உரித்த பலகையை மூக்கால் முகர்ந்தேன். ஐம்பது வயது தாண்டிய ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முகட்டை முகர்ந்துகொண்டு நிற்பதை என் மனைவி தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தாள்.

"மணக்குதோ?"

"கொஞ்சம்."

"சரி," என்றாள். அவ்வளவுதான்.

கெல்லரில் ஒரு வசதி இருந்தது. உடுப்புத் தோய்க்கும் அறைச் சுவரில், அடுப்புக்குரிய தடித்த மின்சார இணைப்பு ஒன்று, அந்தக் காலத்துடையதே. தோய்க்கும் அறைக்கு ஏன் அடுப்பு இணைப்பு என்று நான் யோசிக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு தட்டு அடுப்பு ஒன்று வாங்கி, மெஷினுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, நானே பூட்டினேன். மச்சத்துக்கு மட்டும்தானே என்றேன். சின்ன யன்னலைக் காட்டி, பார்த்தீரா, காற்றோட்டம் இங்கேதான் நல்லது என்றேன். அவள் ஒரு பழைய பாயைத் தரையில் விரித்தாள், சீமெந்து குளிரும் என்று.

இதுவரை நான் செய்தது ஒரு கணவன் செய்கிற சாதாரண அநியாயம். இனி வருவது என் சொந்தத் தயாரிப்பு.

வேலையெல்லாம் முடிந்தபிறகு வைத்த குடிபூரலுக்கு முப்பது பேர் வந்தார்கள். பால் பொங்கிற்று, எல்லாம் முறையாக நடந்தது. வந்தவர்களுக்கு வீடு காட்டிக்கொண்டு போனேன். டோர்ட்மண்டிலிருந்து வந்த அண்ணையும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் எங்களுக்கு மிகவும் வேண்டியவர்கள். அகதி முகாமில் அவரும் நானும் ஒரே அறை. இப்போது அவர் மூன்று ட்ரக் வைத்திருக்கிற ஆள். அக்கா இங்குள்ள எங்கள் அம்மன் கோயிலில் சாப்பாட்டு விஷயங்களுக்குப் பொறுப்பு. கெல்லருக்குள் எட்டிப் பார்த்த அண்ணை, அடுப்பைக் கண்டார்.

மேலே வந்து, சாப்பாட்டறையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். "என்னடா, கீழை ஒரு அடுப்பு? மனிசியோடை கோவமோ? புறம்பாய் சமைச்சுத் தின்னுறியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வசனம் போதும். மீன் மணம் பலகையில் பிடிக்கும், அதனால் கீழே விட்டிருக்கிறேன் என்ற ஒரு வசனம். அது வாயில் வந்தது. வந்த வழியில் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கே கேட்டது. எங்கள் மணம் எனக்கு ஆகாது என்று முப்பது பேருக்கு முன்னால் சொல்வதுபோல இருந்தது.

"அது மச்சத்துக்கு அண்ணை," என்றேன். "மனிசி மேலை குசினியிலை மச்சம் வைக்க விடமாட்டா. அவ இப்ப முழுச் சைவம். நான்தான் கீழை போய்…"

கோயில் கட்டுபவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பார்வை சுவரிலிருந்த சின்னக் கதவுப் பக்கம் போயிற்று. நான் ஆசையாகத் திறந்துவைத்திருந்த கதவு. அதற்கு அப்பால், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் கையும் அகப்பையும் மட்டும் தெரிந்தன. அகப்பை ஒரு நொடி நின்றது. பிறகு ஊற்றத் தொடங்கியது.

"நல்ல பிள்ளை," என்றார் அக்கா, குரல் தழுதழுக்க. "இந்த நாட்டிலை இருந்துகொண்டு இப்பிடி ஒருத்தி."

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது? மணம் எண்டு சொன்னால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

"எங்களைப் பற்றியோ?" என்றாள்.

அடுத்த கிழமையே, ஏழு நாளுக்குள், ஆட்களிடம் சொல்லித் திருத்திவிடுகிறேன் என்றேன். அதையும் மனப்பூர்வமாகவே சொன்னேன். என் மனப்பூர்வத்தில் ஒரு குறையும் இல்லை. அது எப்போதும் அடுத்த கிழமைதான் தொடங்கும்.

பொய் என்பது சும்மா கிடக்கிற சாமான் இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அது வேலை செய்யத் தொடங்கியது. பிறந்தநாள் வீடுகளில் என் மனைவியைக் கண்டால், "தங்கச்சி, உனக்குச் சைவம் அந்த மேசையிலை" என்பார்கள். மற்ற மேசையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் ஆவி பறக்கும். இந்தப் பக்கம் அவள் கத்தரிக்காயோடு இருப்பாள். விரதம் பிடிக்கிற பெண்கள் அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். வயது போனவர்கள் அவள் கையால் திருநீறு வாங்கினார்கள். அவள் ஒன்றும் மறுக்கவில்லை. மறுத்தால் நான் பொய்யன் ஆகிவிடுவேன். என் மானத்தை அவள் நாக்கைக் கட்டிக் காப்பாற்றினாள். நான் மற்ற மேசையில் இருந்து எலும்பு கடித்தேன்.

அந்த ஆடியில், டோர்ட்மண்ட் அண்ணை வீட்டுத் தோட்டத்தில் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் நண்டு, இறால், கணவாய், மீன்தலை எல்லாம் போட்டுப் பெரிய அண்டாவில் காய்ச்சி, ஆளுக்கொரு சிரட்டையாக, வியர்க்க வியர்க்கக் குடிப்பது. என் மனைவி கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்தவள். கூழுக்கென்றே முதல்நாள் இரவு சாப்பிடாமல் கிடக்கிறவள். நாங்கள் காரிலிருந்து இறங்கும்போதே அந்த மணம் தெருவுக்கு வந்திருந்தது. அவள் ஒரு கணம் நின்று, மூச்சை இழுத்ததை நான் கண்டேன்.

அக்கா ஓடி வந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீ இந்தப் பக்கம் வராதை, மணம் உனக்கு ஒத்துக்கொள்ளாது. உனக்கெண்டு வீட்டுக்குள்ளை புறம்பாய் மரக்கறிக் கூழ் காய்ச்சி வைச்சிருக்கிறன். புதுச் சட்டி. ஒரு அகப்பைகூட மச்சத்திலை படேல்லை. என்னை நம்பு."

"ஏன் அக்கா இவ்வளவு கரைச்சல்பட்டனீங்கள்," என்றாள் மனைவி.

"உனக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யிறது?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். தோட்டத்தில் பத்துப் பேர்தான். அண்ணை என் கையில் சிரட்டையைத் தந்தார். "குடியடா. உன்ரை வீட்டிலை உனக்குக் கெல்லர்தானே." நான் குடித்தேன். மூன்று சிரட்டை. யன்னலுக்குள்ளால் அவள் தனியே மேசையில் இருந்து, பயிற்றங்காய் மிதந்த அந்தக் கூழைக் கடைசித் துளிவரை குடித்து முடிப்பது தெரிந்தது. அக்கா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கார் நெடுஞ்சாலையில் ஏறியது. அவள் கேட்டாள், கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில்:

"நண்டு சதையாய் இருந்திச்சோ?"

"இல்லை," என்றேன். "பெரிசாய் ஒண்டும் இல்லை."

அதுவும் பொய்.

நியாயமாகப் பார்த்தால் பலகை மேல் எனக்கு அவ்வளவு பக்தி இல்லை. அதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. இந்த நாட்டில் எங்களுடைய முதல் வாடகை வீடு மூன்றாம் மாடியில். போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் எங்கள் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சமைக்கும்போது தயவுசெய்து யன்னலைத் திறக்கவும் என்று எதிர்வீட்டுக்காரர் எழுதியிருந்தார். திறந்தோம். அடுத்த கிழமை இன்னொரு தாள், மேல்வீட்டிலிருந்து: சமைக்கும்போது தயவுசெய்து யன்னலை மூடவும். இரண்டிலும் கையெழுத்து அழகாக இருந்தது. மனைவி இரண்டையும் வாசித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒருக்கால் கதைச்சு ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்கோ" என்று சிரித்தாள். அன்றைக்கும் மீன் பொரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வேலைக்குப் போகும் மேற்சட்டையைச் சமையல் முடியும்வரை வெளியே படியில் தொங்கவிட்டு வருகிறவன் நான். நாலு தடித்த புத்தகம் வாங்கிப் படித்து, அந்தக் காலத்து அழகு, மரத்தின் உண்மை என்றெல்லாம் சொன்னதற்கு அடியில் இருந்தது அந்த மேற்சட்டைதான். ஜெர்மன்காரர் ஒருவர் என் வீட்டுக்குள் வந்து, ஆகா, அறுபதுகள் என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் அவர் மூக்கில் ஏறக்கூடாது.

அப்படி ஒரு ஜெர்மன்காரியிடம் நானே போனேன். குசினிச் சுவரின் முதல் நிறம் என்ன என்று எனக்கு ஒரு சந்தேகம். வீட்டை விற்ற அந்த அம்மாவைக் கேட்கலாம் என்று, கேக் வாங்கிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். கைபேசியில் படங்களைக் காட்டினேன். பலகை முகட்டைப் பார்த்து, "ஓ, திரும்பவும் இருட்டாக்கிவிட்டீர்களா" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்ள முயன்றேன்.

குசினி நிறம் அவருக்கு ஞாபகமில்லை. வீட்டில் ஒவ்வொன்றையும் தெரிவு செய்தது கணவர். தன்னிடம் எதையும் கேட்கவில்லை. கணவருக்கு அந்தப் பலகைதான் உயிர் என்றார். கோவா என்கிற முட்டைக்கோசை அவித்தால் மணம் ஏறும், மீன் வறுத்தால் மணம் ஏறும் என்று, அதையெல்லாம் கீழே தோய்க்கும் அறையில் சமைக்கவைத்தாராம். அதற்கென்றே கீழே அடுப்பு இணைப்பு போடுவித்தாராம். பதினெட்டு வருடம். சொல்லிவிட்டுக் கேக்கை ஒரு வாய் சாப்பிட்டார்.

"அவர் போன அடுத்த மாதம் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சுவரில் ஓட்டை போடுவித்து, நல்ல புகைபோக்கி பூட்டினேன். பிறகு அந்தப் பலகைக்கு வெள்ளை அடித்தேன். புகைபோக்கி நல்ல சாமான். இப்போதும் வேலை செய்கிறதா?"

"நன்றாக வேலை செய்கிறது," என்றேன்.

"உங்கள் மனைவிக்கு உதவியாக இருக்கும். நீங்கள் நிறைய மசாலா போட்டுச் சமைப்பீர்கள் அல்லவா?"

"ஆம்," என்றேன். "மிகவும் உதவி."

வெளியே வந்து காருக்குள் ஏறினேன். வீட்டை அதன் காலத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று கிளம்பியவன் நான். இதைவிடத் துல்லியமாக எவனாலும் கொடுத்திருக்க முடியாது. புத்தகத்தில் இல்லாத பகுதியைக்கூட, எவரும் சொல்லித்தராமலே, சரியான அறையில், சரியான மின் இணைப்பில் மீட்டுவிட்டிருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், கிழவிக்கு நிறம் ஞாபகமில்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

கூழ் குடித்து இன்னொரு ஆடியும் கடந்து போனது. இரண்டாவது தடவையும் புதுச் சட்டி, மரக்கறி. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் அண்ணையும் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா முருங்கைக்காய் கொண்டுவந்திருந்தார். முகம் முழுக்க ஒரு காரியம் இருந்தது.

"பிள்ளை, மாட்டன் எண்டு சொல்லிப்போடாதை," என்றார் இருந்த உடனே. "கோயில் மடைப்பள்ளியிலை திருத்த வேலை நடக்குது. தேர்த் திருவிழாவுக்கு முதல் முடியாதாம். அம்மனுக்குப் படைக்கிற பொங்கலும் மோதகமும் வெளியிலைதான் செய்ய வேணும். எல்லாரும் யோசிச்சுப் பாத்தம். மச்சம் படாத குசினி ஆரிட்டை இருக்கு? ஒருத்தரிட்டையும் இல்லை. உன்னட்டை மட்டுந்தான்."

மனைவி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு நான் சொல்லக்கூடிய விளக்கம் இதுதான்: இரண்டு வருடமாக நான் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிய வேலையை, இந்த ஞாயிறு பின்னேரம் நான்கு பேர் மட்டும் இருக்கிற அறையில் செய்வதற்கு எனக்கு அவள் இடம் விட்டாள். மோதகம் ஊரார் வாயைச் சமாளிக்கிற விஷயம் இல்லை. அவளுக்கு அம்மன் உண்டு; எனக்குத்தான் இல்லை.

நானோ வரைபடக்காரன். என் மூளை கோடு பிடித்து ஓடிற்று. மேலே உள்ள அந்த அடுப்பில் உண்மையில் மச்சம் ஏறவில்லை. முதலில் ஒரே ஒரு சனிக்கிழமை; அந்த அடுப்பையும் பிறகு மாற்றிவிட்டோம். அக்கா கேட்டது மச்சம் படாத குசினி. இது மச்சம் படாத குசினி. இதில் பொய் எங்கே?

"அதுக்கென்ன அக்கா," என்றேன். "தாராளமாய்ச் செய்யலாம்."

மனைவி என்னிடமிருந்து கண்ணை எடுத்தாள். அவ்வளவு நிதானமாக ஒருவரும் என்னைக் கைவிட்டதில்லை.

"ஏலாது அக்கா," என்றாள்.

"ஏன் பிள்ளை? லீவு எடுக்க ஏலாதோ?"

"நான் மச்சம் சாப்பிடுறனான். நேற்று மீன் பொரிச்சுச் சாப்பிட்டனான். இண்டைக்கு மத்தியானம் மிச்சக் குழம்பு."

அக்கா சிரிக்கப் பார்த்தார். "என்னடி பகிடி?"

"பகிடி இல்லை. நான் ஒருநாளும் நிப்பாட்டேல்லை. கீழை சமைக்கிறது சாமிக்காக இல்லை அக்கா." முகட்டைக் காட்டினாள். "இந்தப் பலகைக்காக. மணம் பிடிக்குமாம்."

நான்கு பேரும் முகட்டைப் பார்த்தோம். பின்னேர வெளிச்சம் பட்டு அது தேன்போல இருந்தது. அழகு என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பலகைக்குச் சைவமோ! டேய், நீ பேப்பரிலை கதை எழுதுறனி எண்டு தெரியும். வீட்டுக்குள்ளையும் எழுதத் தொடங்கீட்டியோ?" பிறகு அக்காவின் முகத்தைக் கண்டு நிறுத்தினார்.

அக்கா என்னைத் திட்டுவார், கோயிலை ஏமாற்றப் பார்த்தாய் என்பார் என்று நான் தயாராக இருந்தேன். என்னை அவர் பார்க்கவே இல்லை.

"ரெண்டு வரியம்," என்றார் மனைவியிடம். கண் நிறைந்திருந்தது. "ரெண்டு வரியமாய் உனக்கு நான் கூழ் தரேல்லையடி. பக்கத்திலை நிண்டு மரக்கறியை ஊத்தி ஊத்தி விட்டனே. ஏனடி சொல்லேல்லை?"

"உங்கடை மரக்கறிக் கூழும் நல்லாய்த்தான் அக்கா இருந்தது."

"செருப்பாலை அடிப்பன் உன்னை," என்று அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். மனைவி அழவில்லை. அவள் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டு, தோளுக்கு மேலால் முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே வைப்பது என்று யோசித்திருக்கலாம். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி வையுங்கோ" என்றாள் மனைவி. போய் வைத்தேன். மோதகத்தை வேறொரு வீட்டில், அடுப்பை மூன்று நாள் கழுவி, செய்தார்கள் என்று பிறகு அறிந்தேன்.

அடுத்த கிழமை என்று சொல்லவில்லை. மறுநாளே புகைபோக்கி பூட்டுகிற ஒரு ஆளைப் பிடித்தேன். கெட்டியான ஆள், ஒரு கையில் துளைக்கும் மெஷின். வெளிச்சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர், சரியாக அந்த இடத்தில் நின்றார்.

"இங்கே முன்பு ஓட்டை இருந்திருக்கிறதே. நல்ல ஓட்டை. யார் அடைத்தது?"

நான் மெஷினின் வயரைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினேன்.

"எவனோ மடையன்," என்றார் அன்பாக, என்னையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டு. பதினொரு கல்லும் புல்லில் விழுந்தன.

புதிய புகைபோக்கி பழையதைவிடப் பெரிது. சத்தமாக இழுக்கும். நான் அந்த அம்மாவின் கதையையும் அன்றே மனைவியிடம் சொன்னேன்: பதினெட்டு வருடத்தையும், கோவாவையும், நான் சொன்ன பொய்யையும். கேட்டுக்கொண்டு நின்றாள். "அந்த மனிசிக்குக் கேக் கொண்டுபோனியளோ?" என்றாள். ஓம் என்றேன். "நல்லது."

ஆனால் அவள் மீனைக் கீழேதான் பொரிக்கிறாள். முதல் கிழமை, பழக்கம் என்று நினைத்தேன். இரண்டாம் கிழமை கேட்டேன்.

"மேலை எல்லாம் பூட்டியாச்சுத்தானே. ஏன் இன்னும் கீழை?"

"கீழை வசதி."

"அங்கை என்ன வசதி? இருட்டு, குளிர்."

அவள் சற்று யோசித்தாள். எனக்கு நோகக்கூடாது என்று யோசித்தாளா, அல்லது சரியான சொல்லைத் தேடினாளா, தெரியாது.

"அங்கை நான் சமைக்கேக்கை ஒருத்தரும் முகட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறேல்லை," என்றாள்.

அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை. நேற்றும் சனிக்கிழமை. கீழிருந்து எண்ணெய்ச் சத்தம் கேட்டது. மேலே புதிய புகைபோக்கிக்குக் கீழே, கழுவி வைத்த அடுப்புக்கு முன்னால் நின்றேன். பிறகு இறங்கிப் போனேன். பாயில் நின்றுகொண்டு, கைபேசியில் தன் கூடப்பிறந்த அக்காவோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்சம் சிறிதாயிற்று. போனை வைத்துவிட்டு, குழம்பை அகப்பையில் எடுத்து ஊதி, என் உள்ளங்கையில் விட்டாள்.

"உப்புக் காணுமோ பாருங்கோ."

உப்புக் காணாது. கொஞ்சமும் போதாது.

"காணும்," என்றேன். "அந்தமாதிரி ருசியாய் இருக்கு."

அவளும் ஒரு துளி நக்கிப் பார்த்தாள். பிறகு உப்புப் போத்தலை எடுத்து, இரண்டு தடவை போட்டாள்.